நான்கு திசைச் சோதனை

ஒலி எந்தப் பக்கமிருந்து வந்ததோ அந்தப் பக்கமிருந்தே கேட்கும் வசதியை, எல்லோரும் இலவசமாகப் பயன்படுத்தும் ஒலிக்கோப்பு வடிவம் ஒன்றில் சேர்க்க ரூபா இரண்டு வருடமாக நிரல் எழுதினாள். இன்று திருப்பதியில், அவள் அறையில் கடைசிச் சோதனை. சுவருக்கு ஒன்றாக நான்கு ஸ்பீக்கர்கள். நகரி ஊரில் ஒரு வயலில் மைக்கைச் சுற்றி நடந்து தம்பி ஹேமநாத் பேசிய பதிவு ஓடியது.

"முன்னால. வலது. பின்னால. இடது."

ஒவ்வொன்றும் சரியான இடத்திலிருந்து கேட்டது.

"ஜெயிச்சிட்டோம்க்கா!" ஹேமநாத் குதித்தான்.

"மேல," என்றது பதிவில் அவன் குரல், ஸ்பீக்கரே இல்லாத மின்விசிறிக்கு மேலிருந்து.

"நான் நாலுதானே சொல்லிக்கினு வந்தேன்?"

"சும்மா இருடா, இன்னும் ஓடுது."

ரூபா தாளில் ஐந்தாவதாக 'மேலே' என்று எழுதி டிக் அடித்தாள். ஆறாவதாகக் 'கீழே' என்று எழுதிவிட்டு, கால்களைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு சிரித்தபடி காத்திருந்தாள்.