காலடி மண்

வெளிநாட்டு மண் உள்ளே வரக்கூடாது, வண்டியைக் கழுவினால்தான் எல்லையைத் தாண்டலாம் என்றார் சாவடி அதிகாரி. செண்பகவல்லிக்கு மனசே வரவில்லை. தன்னந்தனியாக ஓட்டி வந்த அத்தனை நாடுகளின் சேறும் மட்கார்டில் அடையடையாக ஒட்டிக் கிடந்தது. வீடியோ அழைப்பில் அம்மா பதறினாள்.

"இருடி, கழுவிடாத! ஒத்தையில இம்புட்டு நாடு தாண்டியிருக்க, எத்தனை கண்ணு பட்டிருக்கும்! அதுதான்டி உன் காலடி மண்ணு. அந்த ஆபீசர்கிட்ட உனக்குச் சுத்திப் போடச் சொல்லு."

சைகையில் கேட்டாள். அதிகாரி சிரித்துக்கொண்டே ஒரு பிடி சேற்றைச் சுரண்டி, அவள் தலையை மூன்று முறை சுற்றினார். அவள் அதில் மூன்று முறை துப்பினாள். எல்லைக் கோட்டுக்கு அவள் வந்த பக்கமே அதை வீசி எறிந்தார்.

"இனி திரும்பிப் பாக்காமப் போகணும், ராசாத்தி" என்றாள் அம்மா.

கழுவிய ஈரம் சொட்டச் சொட்ட, பக்கக் கண்ணாடிகள் இரண்டையும் மடக்கிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.