ஆத்தா வரும் நேரம்

"உள்ளே காலை வச்சுடாதீங்க ஐயா! ஆத்தா இருக்கா."

வாசல் நிலையில் செருகிய வேப்பிலைக்குக் கீழே, இரண்டு கைகளையும் விரித்து மறித்து நின்றார் பூசாரி ராக்கன்.

எதிரே வெயிலில் வியர்த்து நின்றவர் சமஸ்தானத்து டாக்டர் ஆத்மநாதன். கந்தர்வக்கோட்டைப் பக்கத்து ஊரில் பெரியம்மை என்று தகவல் வந்ததும் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்துவிட்டார். யுத்த காலத்தில் காருக்குப் பெட்ரோல் எங்கே கிடைக்கிறது!

"ஊர்ல வேற எந்த வீட்டுலயாவது அம்மை உண்டா?" என்று கேட்டார்.

"இல்லைங்க" என்றான் நல்லதம்பி. உள்ளே கிடப்பவள் அவன் மனைவி பொன்னுத்தாய். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "என் பொஞ்சாதிய மட்டும்தான் ஆத்தா தேடி வந்திருக்கா. அவ பொழச்சுக்குவாளா ஐயா?"

"பாத்தாத்தானே சொல்ல முடியும்? பயப்படாதீங்க பூசாரி. செருப்பைக் கழட்டிட்டுத்தான் வாரேன். ஊசி, மருந்து எதுவும் எடுக்க மாட்டேன்."

ராக்கன் முணுமுணுத்துக்கொண்டே வழிவிட்டார்.

உள்ளே பகலிலும் இருட்டு. மஞ்சளும் வேப்பிலையும் கலந்த வாடை மூச்சை அடைத்தது. வாழையிலைமேல் படுத்திருந்தாள் பொன்னுத்தாய். இமைகள் வீங்கி ஒட்டிப்போயிருந்தன. உதடெல்லாம் புண். அவளைப் பெற்ற மருதாயி தலைமாட்டில் உட்கார்ந்து வேப்பிலையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் பொன்னுத்தாயின் தோளை மெல்லத் தூக்கினார். முதுகுத் தோல் இலையிலேயே தங்கிவிட்டது.

"அடப் பாவமே!" என்று கையை எடுத்துக்கொண்டார்.

"ஆத்தாளுக்குக் கோவம் அடங்கலைங்க" என்றார் வாசலில் நின்றபடியே ராக்கன். "தினம் உச்சிப்பொழுதுக்கு நேர்லயே வாரா."

"நேர்லயா?"

"ஆமாங்க" என்றான் நல்லதம்பி. அவன் குரல் தணிந்தது. "நாங்க வெளியில கூழு ஊத்திக்கிட்டு இருப்போம். உள்ளேருந்து இவ மொனகுவா. 'ஆத்தா வந்தா, வாயில கசப்பா என்னமோ வச்சா, யார்கிட்டயும் சொல்லாதேன்னா' அப்படின்னு. எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போகும். அவ வந்துட்டுப் போன அன்னிக்கெல்லாம் புதுசா ஒரு இடத்துல தோல் உரியுதுங்க."

"கசப்பாவா?"

"வேப்பங்கொழுந்துங்க! பிரசாதம்!" ராக்கன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

டாக்டர் மருதாயியிடம் திரும்பினார். "நீங்க பக்கத்துலயே இருக்கீங்களே, ஏதாச்சும் பாத்தீங்களாம்மா?"

மருதாயி தலையைக் குனிந்துகொண்டாள். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளை அம்மைக்குப் பறிகொடுத்தவள். சாமி காரியத்தில் அவள் எப்படி வாயைத் திறப்பாள்!

"நல்லதம்பி, இது அம்மையே இல்லைப்பா" என்றார் டாக்டர். "இதுக்கு முன்னாடி என்ன மருந்து சாப்பிட்டா?"

"தொடையில சீழ்க்கட்டி வந்துச்சுங்க. கீரனூர்ல ஒரு கம்பவுண்டர் வெள்ளை மாத்திரை கொடுத்தார். பட்டாளத்துக்காரங்களுக்குக் கொடுக்கிற மருந்தாம். ஒண்ணு விடாம முழுங்கினாத்தான் உயிர் தங்கும்னு சொன்னார். கட்டி என்னவோ வத்திப்போச்சு. அப்புறம்தான் ஒடம்பு செவந்து கொப்புளம் கெளம்புச்சு."

"அதேதான்! சல்பா மாத்திரை. எத்தனையோ பேரைப் பொழைக்க வச்ச மருந்துதான். ஆனா சில பேர் ஒடம்புக்கு அது ஆகாது. ஆளையே உரிச்சுப் போட்டுடும். மிச்ச மாத்திரை எங்கே?"

"ஆத்தா இருக்கிற வீட்டுல மருந்து இருக்கலாமாங்க? அம்மை முத்து கண்ட அன்னிக்கே பொட்டணத்தோட கொல்லையில வீசிட்டேன்."

டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அன்னிக்கே நிறுத்தியிருந்தா இந்நேரம் தணிஞ்சிருக்கணுமே! தினம் புதுசா உரியுதுன்னா மருந்து இன்னமும் உள்ளே போய்க்கிட்டிருக்குன்னு அர்த்தம். இனிமே ஒரே ஒரு மாத்திரை போனாலும் இந்தப் பொண்ணு தாங்க மாட்டா. யாருப்பா கொடுக்கிறது?"

"சத்தியமா யாரும் கொடுக்கலைங்க!" நல்லதம்பி தலையில் அடித்துக்கொண்டான்.

வேப்பிலை விசிறும் சத்தம் நின்றுபோயிருந்தது.

டாக்டர் பொன்னுத்தாயின் காதருகே குனிந்தார். "அம்மா பொன்னுத்தாய், ஒன் வாயில கசப்பா வைக்கிறது யாரு?"

புண்பட்ட உதடுகள் மெல்ல அசைந்தன. "ஆத்தா..."

"இன்னிக்கும் வந்தாளா?"

"வந்தா... நீங்க வர்றதுக்குச் சித்த முந்தி..."

வாசலில் ராக்கன் "தாயே!" என்று முனகினார்.

"இப்ப எங்கே இருக்கா?"

"இங்கனதான்... என் கையைப் புடிச்சுக்கிட்டு... ஆத்தா கை நடுங்குது..."

ராக்கன் நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் விழுந்தார். நல்லதம்பி சுவரோடு ஒட்டிக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டான். டாக்டர் மட்டும் பொன்னுத்தாயின் கையைப் பார்த்தார்.

பேசத் தெரிந்த நாள் முதலாகப் பொன்னுத்தாய் 'ஆத்தா' என்று கூப்பிட்டு வந்த மருதாயி, மகளின் கையை விடாமலே, மறுகையால் முந்தானை முடிச்சை அவிழ்த்து வெறும் பொட்டணத்தை டாக்டரிடம் நீட்டினாள்.

"இவளையாச்சும் மருந்து இல்லாமச் சாக விட்டுடக் கூடாதுன்னு நெனச்சேன் ஐயா... கடைசி மாத்திரையை இப்பத்தான் கொடுத்தேன்."