நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து அடிக்குறிப்பு

புதுக் கணினியில் எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்ந்தது.

மூக்கு திரையில் இடிக்கும்வரை குனிந்தேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து அடிக்குறிப்பு பிடிபடவேயில்லை.

பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துவது என் வேலை. மூன்று வருடத்துக்கு முன்பு கண் மருத்துவர், பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், கண்ணாடியால் ஆகாது என்றார். வீட்டுக்காரரிடம்கூட நான் மூச்சு விடவில்லை.

மாதாமாதம் முதல் தேதி, இதே பக்கத்தைத் திறந்து இந்த அடிக்குறிப்பை உதட்டுக்குள் முணுமுணுத்துப் படிப்பேன். என்றைக்குத் தெரியவில்லையோ அன்றைக்கு வேலையை விட்டுவிடுவது. ராஜினாமாக் கடிதம் தேதி போடாமல் இழுப்பறையில் கிடந்தது.

முப்பத்தைந்து முறையும் தெரிந்தது. மருத்துவருக்கு ஒன்றும் தெரியாது என்று மிதப்பில் இருந்தேன்.

இன்று முதல் தேதி. போச்சு. கடிதத்தில் தேதி போட்டேன்.

இன்று காலைதான், சொன்ன நாளுக்கு முன்னதாகவே வந்து இறங்கியிருந்தது இந்தக் கணினி. பழையது மூலையில் கிடந்தது. ஒரு வீம்பில் அதை மாட்டி, அதே ஐகானைச் சொடுக்கினேன்.

அடிக்குறிப்பு பளிச்சென்று தெரிந்தது.

அதே கண். அதே பக்கம். அதே மென்பொருள். பிழை எங்கே என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அந்த ஐகானுக்குள் என்னதான் எழுதியிருக்கிறது என்று திறந்தேன். மென்பொருளின் பெயருக்கு முன்னால் இது ஒட்டிக்கொண்டிருந்தது:

env QT_SCALE_FACTOR=1.72

திறக்கும்போதே எல்லாவற்றையும் முக்கால் பங்கு பெரிதாக்கு என்கிற கட்டளை. இந்த ஐகான் வழியாகத் திறந்தால் மட்டும். வேறு யாருக்கும் எதுவும் தெரியாது.

அதற்கு மேலே, இப்போது வேலை செய்யாதபடி ஓய்வு கொடுத்த பழைய வரிகள். 1.70. 1.68. 1.66. மேலே ஏற ஏறக் குறைந்து 1.02 வரை போயிற்று. ஒவ்வொன்றின் பக்கத்திலும் தேதியும் நேரமும்.

உச்சியில் இருந்த வரியில் மட்டும் அந்த env இல்லை; அது விட்டுப்போனால் ஐகான் திறக்காது. அரைமணி கழித்து அடுத்த வரியில் திருத்தியிருந்தது. அந்த நாள் நினைவிருக்கிறது. ஐகான் திறக்கவில்லை என்று மௌனியைக் கிழிகிழியென்று கிழித்தேன்.

மௌனி எங்கள் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர். பக்கத்து மேசை; என் முணுமுணுப்பு எட்டும் தூரம். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதால் அந்தப் பெயர். அடிக்கடி துணியோடு வந்து என் நாற்காலியைப் பிடுங்கிக்கொள்வார். கேட்டால், தூசி தட்டுகிறாராம். பக்கம் திரையில் அடங்க மாட்டேன் என்கிறது என்று அதற்கும் அவரைத்தான் திட்டுவேன்.

மூன்று வருடம். கண்ணுக்கே தெரியாத அளவு, ஒவ்வொரு முறையும். இப்படியும் ஒரு மனிதரா?

தேதிகளை மறுபடி பார்த்தேன். முப்பது. முப்பத்தொன்று. இருபத்தெட்டு. கடைசி வரிக்கு நேற்றைய தேதி.

எல்லாமே மாதத்தின் கடைசி நாள்.

பின்னால் மூச்சிரைத்தது. மௌனி, கையில் துணியோடு.

“தூசி தட்டணும்க்கா. கொஞ்சம் எந்திரிங்க.”

பெட்டியிலிருந்து எடுத்து ஒரு மணி நேரம்கூட ஆகாத கணினி. தேதி போட்ட கடிதத்தைக் கையால் மறைத்துக்கொண்டு எழுந்தேன்.

“இந்தத் தடவை கொஞ்சம் நல்லாவே தட்டுங்க தம்பி.”