படுத்துக் கிடந்த தார்த்தாள்

ஒரு வீட்டுச் சுவரின் அடியில், மண்ணின் ஈரம் மேலே ஏறாமல் தடுக்கிற தார்த்தாள் ஒன்று பன்னிரண்டு வருஷமாகப் படுத்துக் கிடந்தது. வாஷிங் மெஷின் குழாய்க்குத் துளை போட வந்த டிரில், இடம் தவறி அதைக் கிழித்துவிட்டது.

"அண்ணே, நான் கிழிஞ்சுட்டேன்!" என்று தார்த்தாள் கத்தியது.

"சும்மா படுத்துக் கிடக்கிறவன் கிழிஞ்சா என்ன, கிழியாட்டி என்ன?" என்றது சுவர்.

மழை பிடித்ததும் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரத்திட்டு படர்ந்தது. சுவர் அவசரமாகப் பெயின்டைக் கூப்பிட்டது.

"ஒரே கோட்டிங், இருந்த இடம் தெரியாது" என்று பெயின்ட் ஏறி நின்றது. பத்தாம் நாள் அப்பளமாக உப்பி உதிர்ந்தது. மறுபடி ஏறியது, மறுபடி உதிர்ந்தது. திட்டை மறைக்க வந்த பீரோவும், "அண்ணே, எனக்குக் கால் துருப்பிடிக்குது" என்று புலம்பியது.

கடைசியில் கொத்தனாரின் கரண்டி வந்தது. பெயின்டைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அடியில் இரண்டு செங்கல்லைப் பெயர்த்தது. கிழிசலுக்கு மேல் புதுத்தாள் ஒட்டி, செங்கல்லைத் திரும்ப வைத்துப் பூசியது. சுவர் மெல்லக் காய்ந்தது. பெயின்டும் ஒழுங்காக ஒட்டிக்கொண்டது.

அந்த வீட்டு வளைகாப்புக்கு வந்தவர்கள் எல்லோரும், "சுவர் என்னமா பளபளக்குது! என்ன பெயின்ட்?" என்று கேட்டார்கள்.

சுவர் பூரித்துப்போய்க் கீழே பார்த்தது. "கேட்டியா? நீயும் இருக்கியே, எப்பப் பார்த்தாலும் படுத்துக்கிட்டு!"

"அப்படின்னா எழுந்து வரட்டுமாண்ணே?" என்றது தார்த்தாள்.

"ஐயையோ! படுத்துக்கடா ராசா, படுத்துக்க!"