சாம்பல் புதன் பூனை

பீட்டரைக் காணவில்லை.

கீழே பிரவினின் வேன் நின்றுகொண்டிருந்தது. பிரவின், வீட்டுப் பிராணிகளை வெளிநாட்டுக்கு ஏற்றி அனுப்பும் ஏஜென்ட். அரை மணி நேரத்தில் பூனை கூண்டுக்குள் இல்லாவிட்டால் விமானம் போய்விடும், டாக்டர் சான்றிதழும் செல்லாது, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று போனில் கத்தினான்.

என் மனைவி கெர்ட்ரூட் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து தேடினாள். நான் மாதா படத்துக்கு முன்னால் நின்று வேண்டிக்கொண்டேன்.

கிடைக்கக் கூடாது என்று.

நான் கல்நெஞ்சன் இல்லை. இரவில் அது படுப்பதே என் காலடியில்தான், அது வேறு விஷயம். ஆனால் செலவு என்று ஒன்று இருக்கிறது.

கெர்ட்ரூடுக்குப் பெர்த் நகரத்தில் நர்ஸ் வேலை கிடைத்தது. எங்கள் இருவருக்கும் டிக்கெட் வாங்கினோம், முடிந்தது. பீட்டருக்கோ தோலுக்கடியில் சிப், வெறிநோய்த் தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, அதன் பிறகு ஆறு மாதத்துக்கு மேல் காத்திருப்பு, பூச்சி மருந்து, உடம்பை அளந்து செய்த கூண்டு. நாங்கள் நேராகப் பெர்த்துக்குப் போகிறோம். பூனைத் துரை மட்டும் மெல்பர்னில் இறங்கி, நோய்த் தடுப்புக்கான தனி அறையில் தங்கி, ஓய்வெடுத்துவிட்டு வருவார். என் தங்கை கல்யாணத்தையே நான் இதைவிடச் சிக்கனமாக முடித்தேன்.

இத்தனைக்கும் காரணம் போன வருடச் சாம்பல் புதன்.

அன்று கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வீடு திரும்பினோம். வாசலில் பீட்டர் உட்கார்ந்திருந்தது. அதன் கறுப்பு நெற்றியிலும் சாம்பல்.

கெர்ட்ரூட் அப்படியே சிலுவை போட்டுக்கொண்டாள். எங்கள் பிரிக்பீல்ட்ஸ் பேட்டையில் எப்போதும் எதையாவது இடித்துக் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள், சிமென்ட் தூசியாக இருக்கும் என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அது பக்தியுள்ள பூனை என்பதற்கு இன்னொரு அத்தாட்சியும் வைத்திருந்தாள். தவக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் மீன் கிடையாது, இறைச்சி கிடையாது. அந்த நாட்களில் பீட்டரும் தட்டைத் திரும்பிப் பார்க்காது. பகலில் வீட்டிலேயே இருக்காது.

"நம்மளோட சேர்ந்து உபவாசம் இருக்கு டிம். இதைப் போயி விட்டுட்டு வரச் சொல்றியே."

உபவாசம் இருக்கிற பூனை ஏன் இளைக்கவில்லை என்று நான் கேட்டதில்லை. குடும்பம் நடத்த வேண்டுமல்லவா.

இதோ, இந்த வருடத் தவக்காலத்திலும் ஆளைக் காணோம்.

கீழே ஹாரன் அலறியது. கூண்டைத் தூக்கிக்கொண்டு இருவரும் படியிறங்கினோம். ஒவ்வொரு மாடியிலும் நின்று கூப்பிட்டோம். தரைத்தளத்தில் நெத்திலி பொரித்த வாசம் மூக்கைத் துளைத்தது. ஒரு வீட்டுக் கதவு திறந்திருந்தது.

உள்ளே குமுதா. வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் வேலை பார்ப்பவள். தபால் பெட்டிப் பக்கம் எதிர்ப்பட்டால் சிரித்துக்கொள்வோம், அவ்வளவுதான் பழக்கம். சாமிப் படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மடியில் பீட்டர்.

தன் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டாள். விரலில் மிச்சமிருந்ததைப் பீட்டரின் நெற்றியில் இழுத்துவிட்டாள். அது கண்ணை மூடிக்கொண்டு காட்டியது.

கல்யாணமான நாளிலிருந்து ஒரு வாதத்திலும் நான் இவ்வளவு சுத்தமாக ஜெயித்ததில்லை.

"வாங்கண்ணே, வாங்கக்கா. பயப்படாதீங்க, எங்க பழனி கடிக்காது லா," என்றாள் குமுதா. "ரொம்ப நல்லவன். புரட்டாசியில சைவம் போட்டா மட்டும் கோவிச்சிக்கிட்டு எங்கயோ போயிடுவான். தீபாவளிக்குள்ள வந்துருவான்."

எங்கேயோ இல்லை, எங்கள் நாலாவது மாடிக்கு. புரட்டாசி முழுக்க எங்கள் வீட்டில் பொரித்த மீன். இரண்டு மதத்து விரதத்திலும் ஒரு வேளைகூடப் பட்டினி கிடக்காத ஜீவன் இந்தக் கட்டடத்திலேயே இது ஒன்றுதான்.

கெர்ட்ரூட் வெடிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் அந்த நெற்றியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தெனமும் பூசி விடுவீங்களா?"

"தெனமும்தான்க்கா, அவன்தான் கொஞ்ச நேரத்துல கால வச்சித் தொடச்சிக்கிடுவான். இந்த வீட்டுல பூசி விட எனக்கு வேற யாரு இருக்கா?"

குமுதா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு என் கையிலிருந்த கூண்டைப் பார்த்தாள். பீட்டரைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நீ மேல போயி நம்ம பெட்டிங்கள இறக்கு டிம்," என்றாள் கெர்ட்ரூட். "மத்தத நான் பாத்துக்குறேன்."

போனேன். எங்கள் பெட்டிகளோடு நான் கீழே வந்தபோது கூண்டு வேன் பக்கத்தில் இருந்தது. மேலே துண்டு போர்த்தியிருந்தது. கெர்ட்ரூட் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றாள்.

பிரவின் கூண்டைத் தூக்கினான். பூவைப் போல மேலே வந்துவிட்டது. துண்டை விலக்கிப் பார்த்தான்.

"அக்கா, இது காலியா இருக்கு லா!"

"தெரியும்," என்றாள் கெர்ட்ரூட்.

அத்தனை பணம். அத்தனை மாதம். கத்துவதற்கு எனக்கு எல்லா உரிமையும் இருந்தது. வாயையும் திறந்துவிட்டேன். அப்போது அவள் திரும்பினாள்.

அவள் நெற்றியிலும் திருநீறு. பயணம் போகிறவர்களுக்குப் பூசாமல் குமுதா அனுப்ப மாட்டாளாம். கெர்ட்ரூட் அதைத் துடைக்கவில்லை.

வாயை மூடிக்கொண்டேன்.

மாதா என் வேண்டுதலைக் கேட்டுவிட்டார். விமான நிலையம் போகும் காரில் ஏறி உட்கார்ந்து, காலடியில் வெறுமையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தேன். கண்ணைக் கசக்கிக்கொண்டேன்.

கெர்ட்ரூட் கைக்குட்டையை நீட்டினாள்.

"என்ன டிம், சிமென்ட் தூசியா?"