சக்கரமில்லாத வண்டி

பனிச்சறுக்கு நடனப் போட்டிக்கு இந்திய அணி என்று வந்தது ஒரே ஆள்தான்: பின்லாந்தில் பிறந்து வளர்ந்த என் தம்பி மகள் நறுமுகை. கொடி பிடிக்க, கூச்சல் போட, முப்பது வருஷம் அரசு பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற நான். காலையிலிருந்து பயிற்சியில், எம்பிக் காற்றில் மூன்று சுற்று சுற்றி இறங்கும் தாவலில் நாற்பதாயிரம் தடவை விழுந்துவிட்டாள். போட்டியிலும் விழுந்தால் இறுதிச் சுற்று கிடையாது.

"ஷூ புதுசா?" என்றேன்.

"போன வாரம் வாங்கினது, பெரியப்பா."

"அதான் சங்கதி!" தரையில் இரண்டு எலுமிச்சம்பழம் வைத்தேன். "ஏறு."

"இது வண்டி இல்ல!"

"ஓடுதுல்ல? அப்ப வண்டிதான்."

சிரித்துக்கொண்டே ஏறினாள். பயிற்சியாளர் அம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டார். சாறு ஏழாவது வரிசைவரை தெறித்தது. ஷூவின் கத்திகளைத் துடைத்துக்கொண்டு பனியில் இறங்கினாள்.

இசை உச்சத்துக்கு வந்ததும் எம்பினாள். மூன்று சுற்று போதும். நான் பதினொன்று வரை எண்ணினேன். நடுவர்கள் பேனாவை வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள்.

"மெதுவா இறங்கும்மா, அவசரமே இல்ல!" என்று கத்தினேன்.

மேலேயிருந்து அவள் குரல் வந்தது. "இருங்க பெரியப்பா, நம்ம ஊரு தெரியுது!"