ஏழு மணித் தாழ்ப்பாள்

மருமகளை வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டு, மாமியார் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

கையில் பையோடு கேட்டைத் திறந்துகொண்டு வந்த மருமகளின் அக்கா அப்படியே நின்றுவிட்டாள்.

உள்ளே ஐந்து மாதக் குழந்தை வீறிட்டு அழுதது. வெளியே அதைப் பெற்றவள், கசங்கின உடுப்பும் சீவாத தலையுமாகச் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். மணி காலை ஏழு.

"என்னடி இது அநியாயம்?"

தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் பஸ் கண்டக்டர். படிக்கட்டில் தொங்குகிறவர்களை ஒரே சத்தத்தில் உள்ளே ஏற்றுகிற குரல். அந்தக் குரலை எடுத்தாள்.

"அத்தை! கதவைத் திறங்க!"

ஜன்னலில் மாமியாரின் முகம் தெரிந்தது. தோளில் குழந்தை.

"வாம்மா, இப்பதான் வர்றியா? கொஞ்சம் இரு. அவ தெருக்கோடி வரைக்கும் நடந்துட்டு வரட்டும், திறக்கிறேன்."

"உடம்பு சரியில்லாத பொண்ணை இப்படியா தள்ளுவீங்க? மனுஷியா நீங்க?"

"அதை ஏழரைக்குப் பேசலாம். இப்ப அவ நடக்கணும்."

"திறக்கப் போறீங்களா இல்லையா?"

"சத்தம் போடாதேம்மா. விசிலடிச்சா நிக்கிறதுக்கு இது உன் பஸ் இல்ல."

ஜன்னலும் சாத்திக்கொண்டது.

எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள், இதற்காகவே காத்திருந்தது போல எட்டிப் பார்த்தாள்.

"தினமும் இதே கூத்துதான். மழை பேஞ்சா குடையைக் கையில குடுத்துத் தள்ளும் அந்தம்மா. அலாரம்னு பேரே வெச்சுட்டோம். நீங்க அக்காவா? கூட்டிட்டுப் போயிடுங்க, புண்ணியமாப் போகும்."

அக்கா திரும்பியபோது தங்கை செருப்பை மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தாள். காலை இழுத்து இழுத்து. கூப்பிடக் கூப்பிட நிற்கவில்லை.

இருபது நிமிஷத்தில் திரும்பி வந்தாள். கதவு திறந்தது.

அதற்குப் பிறகும் மாமியார் விட்டால்தானே!

"குளிச்சாச்சா? தலை சீவினியா? உட்காராதே, சாப்பிடு முதல்ல. மாத்திரை எங்கே? என் கண்ணெதிர்ல போடு."

தங்கை பொம்மை மாதிரி ஒவ்வொன்றாகச் செய்தாள். ஜெயில்கூடத் தேவலை என்று நினைத்துக்கொண்டாள் அக்கா.

அதற்கு மேல் பொறுக்கவில்லை. பீரோவைத் திறந்து தங்கையின் துணிமணிகளைப் பையில் திணித்தாள்.

"கிளம்புடி. புள்ளையைத் தூக்கிக்கோ. என் வீட்டுல வந்து இரு. இஷ்டத்துக்குப் படு, இஷ்டத்துக்கு எழுந்திரு. ஒருத்தரும் உன்னை எழுப்ப மாட்டாங்க."

மாமியார் தடுக்கவில்லை. அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

தங்கை குழந்தையைப் படுக்கவைத்தாள். வந்தாள். பையைப் பிடுங்கிக் கவிழ்த்தாள். துணியெல்லாம் தரையில்.

"வரமாட்டேன்."

"என்னடி, அவ்வளவு பயமா?"

"பயம்தான். அத்தையைப் பார்த்து இல்ல. உன் வீட்டுக் கட்டிலைப் பார்த்து."

"என்ன உளர்றே?"

"புள்ளை பொறந்ததும் மூணு வாரம் உன் வீட்டுல இருந்தேன். ஒருநாள்கூட நீ எழுப்பல. திரையை இழுத்துவிட்டே. சாப்பாட்டைக் கட்டிலுக்கே கொண்டுவந்தே. பாவம், தூங்கட்டும்னே. நான் தூங்கலக்கா. முழிச்சுக்கிட்டுத்தான் கிடந்தேன். புள்ளை பக்கத்துல கத்துது, எதுக்குக் கத்துதுன்னுகூடத் தோணல. நான் இல்லாமயே போயிட்டா நல்லா இருக்கும்னு மட்டும் தோணுச்சு."

அந்த மூன்று வாரமும் லீவு போட்டுப் பார்த்துப் பார்த்துச் செய்தவள் அக்கா.

"மாத்திரையும் குடுத்து, தினமும் ஒரே நேரத்துக்கு எழுந்து நடன்னும் டாக்டர் சொன்னாங்க. ஏழு மணிக்கு நடை, ஏழரைக்குக் குளியல், எட்டுக்குச் சாப்பாடு. அதைப் புடிச்சுக்கிட்டு ஒவ்வொரு நாளா ஏறி வந்துட்டு இருக்கேன். நேத்து புள்ளை சிரிச்சுது. எனக்கும் சிரிப்பு வந்துச்சு. இதை யாருக்காகவும் விட்டுக்குடுக்க மாட்டேன். நீ கோவிச்சாலும் சரி, இந்தத் தெருவே திரண்டு வந்து கேட்டாலும் சரி."

வாய் திறக்காத தங்கை இவ்வளவு பேசி அக்கா கேட்டதே இல்லை. ஆனாலும் மனசு ஆறவில்லை.

"சரிடி, நடக்கணும்னா நட. அதுக்காகக் கழுத்தைப் புடிச்சா தள்ளணும்? தான் பெத்த பொண்ணா இருந்தா தள்ளுவாங்களா?"

"தள்ளச் சொன்னதே நான்தான்."

"நீயா?"

"காலையில எனக்கு நானே எதிரிக்கா. அழுவேன், திட்டுவேன், கால்ல விழுவேன், எதுக்கும் மசியாதீங்க, கதவைச் சாத்திடுங்கன்னு கையில அடிச்சு சத்தியம் வாங்கியிருக்கேன். போன வாரம் ஒருநாள் மனசு கேக்காம விட்டுட்டாங்க. அன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் நான் அவங்ககூடப் பேசல."

அக்கா திரும்பிப் பார்த்தாள்.

தெருவே சிரிக்கிற அந்த மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு கையை எடுத்துவிட்டு அக்காவிடம் கேட்டாள்.

"நீ எத்தனை நாள் இங்க இருப்பேம்மா?"

"ஏன் அத்தை?"

"இருக்கிற வரைக்கும் காலையில நீ தள்ளுறியா? தாழ்ப்பாளைப் போட்டுட்டு உள்ள நின்னு அழறதுக்கு என்னால முடியல."